குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா?

என் தங்கைக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் கல்யாணம் செய்தோம். ஒன்பது தானாகப் பொருந்தியது. பத்தாவதை ஜோசியர் என் முகத்தைப் பார்த்துப் பொருத்திவிட்டார். அந்தப் பத்தில் ஒன்றுகூட வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று கேட்பதில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டு செய்த காரியங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னும் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகிற வழியில் இருந்த ஒரு காலனியில் குடியிருந்தோம். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, நான் கல்லூரி முடித்த வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அம்மா ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அப்பா போன மறுவருஷமே அம்மாவின் விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. போர்டில் எழுதும்போது சாக்பீஸ் நழுவி விழுந்தது. வீட்டில் தண்ணீர்ச் சொம்பு விழுந்தது. அப்பாவை நினைத்துக்கொண்டு கவனமில்லாமல் இருக்கிறார் என்று நானும் தங்கையும் பேசிக்கொண்டோம். தைலம், ஒத்தடம், வலி மாத்திரை என்று ஒன்றரை வருஷம் ஓட்டினோம். கடைசியில் குரோம்பேட்டையில் மூட்டு வியாதிக்கென்றே இருந்த ஒரு டாக்டரிடம் போனபோது அவர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு முடக்குவாதம் என்றார். அதற்குள் இரண்டு கையிலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அம்மா வேலையை விட்டார்.

அந்த டாக்டர் பொறுமைசாலி. ஒருநாள் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார். "வீட்டுல தங்கச்சி இருக்காங்களா?"

"இருக்கா டாக்டர். காலேஜ் படிக்கிறா."

"பயப்பட வேணாம். அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வந்தே ஆகணும்னு கிடையாது. நிறைய பேருக்கு வராமலே போயிடும். ஆனா இதுக்கான வாகு ரத்தத்துல வரலாம். அதோட வெளியிலேருந்து ஏதாவது ஒண்ணு சேர்ந்து தூண்டிவிட்டா கிளம்பிடும். சிகரெட் புகை, சில வகைத் தூசு, ஈறு வியாதி. சில பேருக்குப் பிரசவம் ஆனப்புறம் ஆரம்பிக்கும். எதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எப்பவாவது அவங்களுக்கு விரல் வீங்கினா, காலையில கை மடக்க வரலேன்னா, உடனே கூட்டிட்டு வாங்க. ஆரம்பத்துலயே புடிச்சா விரலைக் காப்பாத்திடலாம்."

சொல்லிவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தார். "உங்களுக்கும் அதே ரத்தம்தான். இதை விட்டுடுங்க."

சரி என்றேன். வெளியே வந்து அம்மாவை பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்துவிட்டு, பெட்டிக்கடைக்குப் பின்னால் போய் ஒன்று பற்ற வைத்தேன். அவர் சொன்னதில் எனக்கு ஒரே விஷயம்தான் மண்டையில் ஏறியிருந்தது. ரத்தத்தில் வரும். இது வெளியே தெரிந்தால் தங்கையை யார் கட்டுவார்கள்?

அந்தப் பயம் வீணானது என்று சொல்ல முடியாது. 2004-இல் சிட்லப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பார்த்து, போட்டோ பார்த்து, எல்லாம் பிடித்துப்போய்த்தான் வீட்டுக்கு வந்தார்கள். காபி டம்ளரை அம்மா இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் கொடுத்ததை அந்தப் பையனின் அத்தை உற்றுப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து ஜாதகம் ஒத்துவரவில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். தங்கை சிரித்துக்கொண்டே, "ஜாதகம் ரெண்டு நாள்ல மாறிடுச்சு போல" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே பள்ளிக்கரணையிலிருந்து வரன் வந்தபோது நான் தயாராக இருந்தேன். மெடிக்கல் ஷாப்பில் கிரேப் பேண்டேஜ் வாங்கி வந்து, அவர்கள் வருவதற்கு அரைமணி முன்னால் அம்மாவின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை சுற்றினேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்பது கதை. இடது கை முந்தானைக்குள். எனக்குக் கட்டுப்போடத் தெரியாது. அவிழ்ந்துவிடக் கூடாதே என்று இறுக்கிவிட்டேன். அவர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களோடு சிரித்துப் பேசி, பஜ்ஜி நன்றாக இருக்கிறதா என்று விசாரித்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "சீக்கிரம் அவுருடா" என்றார். அவிழ்த்தபோது விரல்கள் நீலம் பாரித்திருந்தன. நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. சம்மதம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கும் அதே கட்டு. கல்யாணத்துக்குள் ஐந்து மாதம் ஆகிவிட்டது. இன்னுமா ஆறவில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். எலும்பு கட்டுகிற நாட்டு வைத்தியர் கோணலாகக் கட்டிவிட்டார், அதனால் விரல் வளைந்துவிட்டது என்றேன். இல்லாத ஒரு வைத்தியரை அந்தக் கல்யாண வீட்டில் எத்தனையோ பேர் என்னோடு சேர்ந்து திட்டினார்கள். ஒருவர் அவர் மேல் போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார்.

இதெல்லாம் சில்லறைப் பொய். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தங்கை என்னிடம், "நாளைக்கு அம்மாதான் என் கையைப் பிடிச்சுக் கொடுக்கணும். அப்பா இல்லேன்னா என்ன?" என்றாள். நான் கல்லூரி மேடையில் விதவைகளை ஒதுக்கும் வழக்கத்தைக் கண்டித்துப் பேசி கோப்பை வாங்கியவன். அந்தக் கோப்பை எங்கள் வீட்டு டீவிமேல்தான் இருந்தது. அந்த நான் சொன்னேன்: "சம்பந்தி வீட்டுல சம்பிரதாயம் பார்ப்பாங்க. எதுக்கு வம்பு?" அவர்கள் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. அம்மா மணையில் உட்கார்ந்தால் இரண்டு கையையும் நீட்ட வேண்டியிருக்கும், அதுதான் விஷயம். ஒரு தூரத்துச் சித்தப்பாவையும் சித்தியையும் உட்கார வைத்தேன். அம்மா மண்டபத்தில் நான்காவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து மகள் கல்யாணத்தைப் பார்த்தார். அப்பா இல்லாதது எனக்கு அன்றைக்கு வசதியாகப் போயிற்று. இதைச் சொல்ல எனக்குக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

தங்கையின் புருஷன் நல்ல மனிதன். வேலை நிமித்தம் பாதி மாதம் வெளியூரில் இருப்பான். மாமியார் கறாரான பெண்மணி, ஆனால் கெட்டவர் இல்லை. 2006 மார்ச்சில் எங்கள் வீட்டில்தான் பிரசவம், பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கை பள்ளிக்கரணைக்குத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துச் சிக்குன்குனியா வந்தது. ஊரே நொண்டியது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கம்பியைப் பிடிக்க முடியாமல் முனகினார்கள். ரேஷன் கடை வரிசையில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அம்மாவுக்கும் வந்து, ஏற்கெனவே இருந்த வலியோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

தங்கைக்கும் விரல் வலித்தது. சிக்குன்குனியா என்றார்கள். அவளுக்குக் காய்ச்சலே வரவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் குறைந்துகொண்டு வர, அவளுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் என் ஆபீசுக்கு போன் செய்தாள்.

"அண்ணா, காலையில கையை மடக்கவே முடியல. அம்மாவுக்கு ஆரம்பத்துல இருந்த மாதிரியே இருக்கு."

"சும்மா இரு. ஊருக்கே இருக்கு. உனக்கு மட்டும் என்ன தனியா?"

"அம்மாவோட டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?"

"அங்க போனா உங்க மாமியாரும் கூட வருவாங்க. அவர் அம்மாவைப் பத்திப் பேசுவார். தேவையா? முதல்ல பக்கத்துல யாரையாவது பாரு. அம்மாகிட்ட எதுவும் சொல்லாதே, உடைஞ்சு போயிடுவாங்க."

சரி என்று வைத்துவிட்டாள். குரோம்பேட்டை டாக்டர் சொன்னது எனக்கு மறந்துபோகவில்லை. சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. அதனால்தான் வேறு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

2007 பொங்கல் முடிந்து மேடவாக்கத்தில் ஒரு பொது டாக்டரிடம் போனோம். மாப்பிள்ளை ஊரில் இல்லாததால் என்னை வரச் சொன்னார்கள். தங்கை நோயாளி ஸ்டூலில், மாமியார் பக்கத்து நாற்காலியில், நான் பின்னால் நின்றுகொண்டு. டாக்டர் கையைப் பார்த்தார், அழுத்தினார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது மூட்டு வியாதி இருக்கா? அம்மா, அப்பா, கூடப் பிறந்தவங்க?"

தங்கை வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். "இல்ல டாக்டர். யாருக்கும் இல்ல."

தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். மாமியாரும் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாருக்காவது இருந்தா இப்பவே பிளட் டெஸ்டுக்கு அனுப்பிடுவேன். இல்லேன்னா இது சிக்குன்குனியா மிச்சம்தான். இந்த வருஷம் தினமும் இருபது பேர் இதே கையோட வர்றாங்க. ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கலாம்."

இன்னொரு வாய்ப்பு கொடுத்தார் மனுஷன். நான் யோசிப்பதுபோல மேலே பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர்" என்றேன். எழுதிக்கொண்டார். வலி மாத்திரை கொடுத்தார்.

ஆறு மாதம் போயிற்று. மாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏன் இன்னும் சரியாகவில்லை என்று கேட்கத் தொடங்கினார். நான் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முடக்குவாதம் ஏன் வருகிறது என்று தேடினேன். டாக்டர் முன்பு சொன்னதேதான் இங்கிலீஷில் இருந்தது. பரம்பரை என்று போட்டிருந்த பத்தியை வேகமாகத் தாண்டினேன். சிகரெட் என்று போட்டிருந்ததை அதைவிட வேகமாகத் தாண்டினேன். சுற்றுப்புறம், மாசு, தூசு என்று வந்த பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனேன். அவர்கள் வீட்டுக்குக் காற்றடித்தால் குப்பைமேட்டுப் புகை வரும். காலையில் ஜன்னலைத் திறந்தால் கண் எரியும். எனக்கு அது போதுமாக இருந்தது. வந்தது எங்கள் ரத்தத்தால் என்றால் குற்றம் எங்கள்மேல். புகையால் என்றால் அவர்கள்மேல். நான் அங்கே மருத்துவம் பேசப் போகவில்லை, கட்சி கட்டப் போனேன்.

மாமியார் பேப்பரை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "நாங்க இருபது வருஷமா இந்தப் புகையிலதான் தம்பி இருக்கோம். எங்களுக்கெல்லாம் வரலியே, இவளுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?" என்றார்.

இதைவிட நேரான கேள்வியை எந்த டாக்டரும் கேட்டிருக்க முடியாது. "உடம்புக்கு உடம்பு மாறும் அத்தை" என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த மாதங்களில் தங்கை தாம்பரத்துக்கு வரும்போதெல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்து, அதன் அடியில் கையை மறைத்துக்கொண்டே இருப்பாள். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா. ஒரே வீட்டில் ஒருத்தி முந்தானைக்குள்ளும் ஒருத்தி குழந்தைக்கு அடியிலும் கையை ஒளித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து காய்கறி விலை பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் என் ஏற்பாடு.

2008 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழந்தையைக் குளிப்பாட்டி, மாடம்பாக்கம் கோயிலுக்குக் கூட்டிப்போகப் புது கவுன் போட்டார்கள். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன பொத்தான். தங்கை போட முயன்றாள், விரல் பிடிக்கவில்லை. "நீ போடும்மா" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அம்மா தன் வளைந்த விரலால் முயன்றார். முடியவில்லை. மறுபடி தங்கை. மறுபடி அம்மா. குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்து, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. அம்மா சட்டென்று மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சாய ஆரம்பித்திருந்தன.

"காலையில எழுந்தா எவ்ளோ நேரம் புடிச்சிருக்கு?"

"பத்து மணி ஆயிடும்மா."

"எத்தனை மாசமா?"

தங்கை நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். அம்மாவும் என்னைப் பார்த்தார். நான் போய்க் குழந்தையின் பொத்தான்களைப் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்மா அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்குக் குரோம்பேட்டைக்குப் போறோம். சம்பந்தியம்மாவையும் வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

"அவங்க எதுக்கும்மா?"

"அவங்களும்தான் தெரிஞ்சுக்கட்டும். என் கையை நான் இனிமே மூடறதா இல்ல."

மறுநாள் மாலை அம்மா முந்தானையைத் தோளில் பின் குத்திக்கொண்டு வந்தார். கிளினிக்கில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "கீழ விழுந்ததெல்லாம் பொய்ங்க. எனக்கு எட்டு வருஷமா இந்த வியாதி. இப்ப என் பொண்ணுக்கும் வந்திருக்குன்னு நினைக்கிறேன். மறைச்சது தப்பு, என்னை மன்னிச்சிடுங்க" என்றார். மறைத்தது நான் என்று அவர் சொல்லவில்லை. மாமியார் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்திருக்கும், முகம் சிவந்தது. பிறகு, "எட்டு வருஷமா?" என்று கேட்டார். "சமையலெல்லாம் எப்படிங்க பண்றீங்க?" என்றார்.  இந்த ஒரு கேள்விக்குப் பயந்தா இவ்வளவும் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் நான்கு பேரும் உள்ளே போனோம். டாக்டர் தங்கையின் கையைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். வந்ததும் விளக்கில் மாட்டி, எலும்பு ஓரம் அரித்திருந்த இடங்களைப் பென்சிலால் காட்டினார். இந்த இரண்டு விரல் இனி நேராகாது, மற்றதைக் காப்பாற்றலாம், வாரம் ஒருமுறை போடும் மாத்திரை இன்றே தொடங்கலாம் என்றார். அது பிரசவத்தால் கிளம்பியதா, புகையாலா, இரண்டாலுமா என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். பிறகு மேடவாக்கம் டாக்டரின் சீட்டைப் புரட்டியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"குடும்பத்துல யாருக்கும் இல்லேன்னு எழுதியிருக்கே. யார் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். சத்தம் வரவில்லை.

"நான்தான் டாக்டர் சொன்னேன்" என்றாள் தங்கை.

டாக்டர் பேனாவை மேசையில் போட்டார். "படிச்ச பொண்ணுதானே நீ? அம்மா கையைப் பார்த்துகிட்டே வளர்ந்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே டெஸ்ட் எடுத்திருப்பாங்க. ஒரு வருஷம் போச்சு. இந்த ரெண்டு விரலும் போச்சு. உன் பொய்க்கு உன் கையே போயிருக்கும்மா." அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தங்கை தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் டாக்டர்" என்றாள்.

அவள் சொல்லவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும், முந்தின இரவே அவளிடம் எல்லாம் கேட்டிருந்தார். மாமியார் அன்றைக்கு மேடவாக்கத்தில் அந்த அறையிலேயே இருந்தவர், அவருக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நேரம் கொடுத்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நிமிடமாவது இருக்கும். நான் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் கோபம் தணிந்து என்னிடம் திரும்பினார். "நான் அன்னிக்குச் சொன்னதை நீங்களாவது ஞாபகம் வச்சுக் கூட்டிட்டு வந்தீங்களே சார். இன்னும் விட்டிருந்தா பத்து விரலும் போயிருக்கும்." பிறகு தங்கையிடம் சொன்னார். "நல்ல அண்ணன் கிடைச்சிருக்காரும்மா உனக்கு."

"ஆமா டாக்டர்" என்றாள் அவள்.

அந்தக் குரலில் குத்தல் துளியும் இல்லை. மனசாரத்தான் சொன்னாள். நான் டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினேன்.